ரெண்டே நிமிஷம்

பஸ் பணிமனையில் அவருக்கு நிதானம் என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி நேரக் காப்பாளரிலிருந்து டயருக்குக் காற்றடிப்பவர் வரை எல்லோருக்கும் அவர் நிதானம் அண்ணன்தான். இருபத்திரண்டு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். அவர் வாயிலிருந்து ஒரு வசவு வந்து யாரும் கேட்டதில்லை. ஹாரன் மேல் கை வைப்பதே அபூர்வம். புதிதாக வேலைக்குச் சேரும் ஓட்டுநர்களிடம், "அண்ணன்கிட்ட கத்துக்கங்கப்பா, அவருக்குக் கோபமே வராது" என்பார்கள்.

அது எவ்வளவு பெரிய பொய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

காலை ஐந்து ஐம்பதுக்கு முதல் நடை எடுத்ததுமே அவருக்குள் ஒரு அடுப்பு பற்றிக்கொள்ளும். சிக்னல் போடாமல் திரும்புகிறவன் அதில் ஒரு விறகு. சிக்னலைப் போட்டுவிட்டு, போட்டதையே மறந்து மூன்று கிலோமீட்டர் போகிறவன் இன்னொரு விறகு. பஸ்ஸிலிருந்து ஆள் இறங்கும்போது படிக்கும் நடைபாதைக்கும் நடுவே பைக்கை நுழைப்பவன், காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு கழுத்துச் சுளுக்கியவன் மாதிரி ஓட்டுபவன், பச்சை விழுந்த அதே நொடியில் பின்னாலிருந்து அலறுபவன் என்று வரிசையாக வந்து அடுப்பை ஊதிவிட்டுப் போவார்கள்.

எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதவர்கள், பஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்துகிறவர்கள். மஞ்சள் கோடு போட்டு, பலகை நட்டு, கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருக்கும். அங்கே ஒரு கார் நாலு மூலை விளக்கையும் சிமிட்டிக்கொண்டு நிற்கும். பஸ்ஸை நடுரோட்டிலேயே நிறுத்தி ஆளை இறக்க வேண்டிவரும். சாவகாசமாக ஒருவர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். ரெண்டே நிமிஷம் என்று அர்த்தம். நிதானம் பதிலுக்குத் தலையை ஆட்டுவார். மனசுக்குள் அந்த மனிதரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துக் கேட்பார். வெளியே ஒரு சத்தம் வராது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தங்கை புருஷன் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், தங்கமான மனிதர். அதுதான் சிக்கலே. குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். நிதானத்தின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைப் பூட்டிவிட்டுப் பதினோரு நாள் கூடவே இருந்தவர். சொந்த மகனான நிதானத்துக்கு லீவு கிடைக்காத நேரத்தில் மாமனாருக்கு முகம் மழித்துவிட்டவர். எந்த வரிசையிலும் முந்தமாட்டார். வயசானவர்களைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பார். ஆனால் ஸ்டியரிங் கைக்கு வந்துவிட்டால் வேறு ஏதோ ஒன்று அவர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காரில் இரண்டு தடவை போய்வந்த பிறகு, மூன்றாவது தடவை கூப்பிட்டபோது முதுகுவலி என்று சொல்லித் தப்பித்தார் நிதானம். மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேரே எதைச் சொல்வது? தங்கையைக் கட்டியவர், பதினோரு நாள் கண் விழித்தவர். சொல்ல வாய் வராது.

அந்த முதுகுவலிக்கும் ஒருநாள் வேலை இல்லாமல் போயிற்று. தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, வியாழக்கிழமை உனக்கு லீவுதானே? எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். நீ கூட வந்தா தைரியமா இருக்கும்."

"நீயா? கார் ஓட்டவா?"

"ஏன், நான் ஓட்டக்கூடாதா?"

"அதுக்குச் சொல்லலைம்மா. நாற்பத்தஞ்சு வயசுல திடீர்னு என்ன..."

"மூணு மாசமா பயிற்சிப் பள்ளிக்குப் போறேன். சாயந்திரம் வேலை முடிஞ்சு. அவருக்கே போன வாரம்தான் தெரியும்."

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. காலை ஆறரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், சாப்பிடாமல் வந்து நிற்கிற அறுபது எழுபது பேருக்கு ஊசி குத்த வேண்டும். தினமும் மாப்பிள்ளைதான் காரில் கொண்டுபோய் விடுவார். பிறகு ஏன் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள் என்று நிதானம் கேட்கவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் நீளமாக ஒரு ஹாரன். மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் இன்னும் மூன்று.

"மச்சான், முன்னாடி உக்காருங்க. நீங்க பின்னாடி உக்கார்றதாவது!"

நிதானம் முன்னால் ஏறி பெல்ட்டை மாட்டினார். அது 'டக்' என்று பூட்டிக்கொள்வதற்குள் கார் தெரு முனையில் இருந்தது. பின்சீட்டில் தங்கை இரண்டு கையாலும் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் டெஸ்ட்டுக்கான காகிதங்கள்.

முதல் ஐந்து நிமிஷத்திலேயே நிதானம் தன் கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தார். முன்னால் போகிற வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பள்ளிக்கூட முத்திரையை, அதில் இருக்கும் பொடி எழுத்தை, அவரால் படிக்க முடிந்தது. அவ்வளவு நெருக்கம்.

"கொஞ்சம் இடம் விட்டா இன்னொருத்தன் பூந்துடுவான் மச்சான்" என்று மாப்பிள்ளை விளக்கினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

ஒரு வாடிக்கையாளர் போனில் வந்தார். கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருக்கிறதாம். "உள்ளே ஒரு மிதவை இருக்கும் பாருங்க, அதை லேசாத் தூக்கி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே, எப்படித் தூக்க வேண்டும் என்று ஒரு கையால் காற்றில் செய்தும் காட்டினார். அந்த வாடிக்கையாளர் பார்க்க முடியாது. வண்டியைப் பார்க்க வேண்டிய இன்னொரு கை ஸ்டியரிங்கில் ஒற்றை விரலோடு இருந்தது. ரோட்டைக் கடக்கப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிய ஒரு பெண் அப்படியே பின்வாங்கினாள். அவள் முகம் ஜன்னலோரமாகக் கடந்து போனது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிதானம் ஒரு கையைத் தூக்கினார். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ.

ஒருவழிப்பாதை வந்தது. "நூறு அடிதானே" என்று எதிர்த்திசையில் நுழைந்தார். சரியான திசையில் வந்த ஒருவர் பிரேக் போட்டு நிற்க, "இவனுக்கெல்லாம் என்ன அவசரம்!" என்றார் மாப்பிள்ளை.

நிதானம் பல்லைக் கடித்துக்கொண்டார். தாடை வலித்தது. திரும்பிப் பார்த்தார். தங்கை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பெரிய சாலைக்கு வந்ததும் மாப்பிள்ளை சட்டென்று ஓரம் கட்டினார். "தண்ணி பாட்டில் எடுத்துட்டு வர மறந்துட்டேன். டெஸ்ட் டயத்துல இவளுக்கு நாக்கு வறண்டா? ரெண்டே நிமிஷம் மச்சான்."

"மாப்பிள்ளை, இது பஸ் ஸ்டாப்."

"பஸ் வந்தாப் பார்த்துக்கலாம்." நாலு விளக்கையும் சிமிட்ட விட்டார். அதைப் போட்டுவிட்டால் எந்த இடமும் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. சாவியையும் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிக் கடைக்கு ஓடினார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடியில் சிவப்பாக ஒரு மலை வந்து நின்றது. பஸ். அதுவும் அவருடைய தடம். வண்டி எண்ணைப் பார்த்ததுமே யார் ஓட்டுகிறார் என்று தெரிந்துவிட்டது. மீசை என்று கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். நிதானத்துக்கு அடுத்த நடை அவனுடையது.

பஸ் மெதுவாகக் காருக்குப் பக்கவாட்டில், நடுரோட்டில் வந்து நின்றது. மீசை எட்டிக் குனிந்து, காருக்குள் உட்கார்ந்திருப்பது எந்த நாசகாரன் என்று பார்த்தான். பார்த்தவன் கண் விரிந்தது.

"அண்ணே... நீங்களா?"

நிதானம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இது என் வண்டி இல்லை, சாவி என்னிடம் இல்லை, நான் இப்படிப்பட்டவன் இல்லை. அதற்குள் கதவு திறந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். நடைபாதையை ஒட்டி நின்றிருந்தால் ஒரு எட்டில் இறங்கலாம். ரோடு இரண்டடி பள்ளத்தில். கடைசியாக, காலில் மாவுக்கட்டோடு ஒரு பெண் இரண்டு ஊன்றுகோலாலும் கீழே துழாவிக்கொண்டு படியில் நின்றாள்.

நிதானம் காரிலிருந்து பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்து இறக்கினார். அவள் நிலைப்பட்டு நின்று, மூச்சு வாங்கி, அவரை நன்றாகப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள்.

"உங்க வண்டியா?"

"இல்லைம்மா... ஆமா... எங்க..."

"ஏன் சார், உங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் கொடுத்தது? பஸ் நிக்கிற இடம்னு இவ்வளவு பெரிசா எழுதிப் போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா? உங்க வீட்டுல கால் உடைஞ்சவங்க, வயசானவங்க யாருமே இல்லையா?"

"மன்னிச்சுக்கம்மா."

"கையைப் பிடிச்சு இறக்கி விடத் தெரியுது. வண்டியைத் தள்ளி நிறுத்தத் தெரியலை."

அவள் ஊன்றுகோலை ஊன்றி நடைபாதையேறிப் போனாள். இறங்கிய மற்றவர்களும் ஆளுக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நிதானம் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருடையது. இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள்ளே தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார், ஒருநாள் எவனிடமாவது சொல்ல வேண்டும் என்று. கடைசியில் அத்தனையும் அவர் தலையிலேயே விழுந்தது.

மீசை ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸை எடுத்துப் போனான். அது இன்னும் மோசம்.

மாப்பிள்ளை மூன்று பாட்டிலோடு வந்தார். "என்ன மச்சான், வெயில்ல இறங்கி நிக்கிறீங்க?"

நிதானத்துக்கு வாய் வரை வந்தது. பதினோரு நாளை நினைத்தார். விழுங்கினார். "மாப்பிள்ளை, இங்கிருந்து அவ ஓட்டட்டும். டெஸ்ட்டுக்கு முன்னாடி கை பழகணும். நான் பக்கத்துல உக்கார்றேன். எல் பலகை இருக்கில்ல?"

மாப்பிள்ளைக்கு அரை மனசு. இருந்தாலும் மச்சான் சொல்லைத் தட்டமுடியாது. பலகையை மாட்டிவிட்டுப் பின்சீட்டுக்குப் போனார்.

தங்கை சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் திருப்பினாள். பெல்ட்டைப் போட்டாள். பின்னால் பார்த்து, சிக்னல் போட்டு, மறுபடி பார்த்து, வண்டியை எடுத்தாள். கார் தண்ணீரில் படகு நகர்கிற மாதிரி நகர்ந்தது. நிதானத்துக்கு அன்று காலையிலிருந்து முதல் தடவையாகத் தோள் இறங்கியது.

பின்சீட்டில் அப்படி இல்லை.

"நுழை, நுழை! அவனுக்கு ஏன் விடறே? ஹாரன் அடி. அட, மஞ்சள்தானே விழுந்திருக்கு, போயிடலாம்! இப்படி நின்னா எப்படி?"

எல் பலகையைப் பார்த்ததும் ரோட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வெறி வந்துவிடுகிறது. பின்னால் ஒரு நீல நிறக் கார் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை ஓட்டியவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் தப்பான பக்கமாக முந்தி, போகிற போக்கில் கையை வீசிக் காட்டிவிட்டுப் போனான்.

மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம்! ஜன்னலை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டினார். "டேய்! எல் போர்டு கண்ணுக்குத் தெரியலை? கத்துக்கிறவங்கள இப்படியா மிரட்டுவே? ரோடு உங்கப்பன் வீட்டு ரோடா?"

நிதானம் மெதுவாகத் திரும்பி அவரையே பார்த்தார். அந்த முகத்தில் நடிப்பு ஒரு துளி இல்லை. நியாயத்துக்காகக் கொதிக்கிற ஒரு மனிதனின் முகம். "பார்த்தீங்களா மச்சான், எப்படிப்பட்ட ஜென்மங்கள்!" என்றார்.

தங்கை சிக்னல் போட்டாள். ஓரமாக, நிறுத்த அனுமதி உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். திரும்பவில்லை. கண்ணாடியில் புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தினமும் காலையில என்னை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விடறீங்களே, அதுக்கப்புறம் நான் என்ன பண்றேன்னு தெரியுமா?"

"வேலைக்குப் போறே."

"கை கழுவுற இடத்துல போய் நிக்கிறேன். பத்து நிமிஷம். குழாயைத் திறந்து விட்டுட்டு, கையைத் தண்ணியில நீட்டிக்கிட்டு நிக்கிறேன். நடுக்கம் நிக்கிற வரைக்கும்."

"என்ன நடுக்கம்?"

"உங்க கூட வர்ற நடுக்கம்." அவள் குரல் உயரவே இல்லை. "போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. மெல்லிசு கை, மெல்லிசு நரம்பு. மூணு தடவை குத்தினேன். மூணு தடவையும் தப்பிடுச்சு. அவங்க ஒண்ணுமே சொல்லலை, கண்ணுல மட்டும் தண்ணி. அன்னிக்கு எங்க டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, உங்களுக்கு நரம்புல ஏதாவது கோளாறா, காட்டிப் பாருங்களேன்னு கேட்டாங்க. எனக்கு நரம்புல ஒண்ணும் இல்லைங்க. எனக்குப் புருஷன்தான் கார் ஓட்டறாருன்னு எப்படிச் சொல்றது?"

மாப்பிள்ளை கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினார், திறந்தார், மூடினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேன். பல தடவை மெதுவாப் போங்கன்னு சொன்னேன். மூணு நாள் மெதுவாப் போவீங்க. நாலாம் நாள்?"

அவள் மறுபடி இன்ஜினை உயிர்ப்பித்தாள். லைசென்ஸ் அலுவலகம் போய்ச் சேரும் வரை பின்சீட்டில் அந்த மூடி மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். பக்கத்தில் தகரக் கொட்டகை. காத்திருக்கிறவர்களுக்கு அங்கே பெஞ்சு போட்டிருந்தது. அதிகாரி, கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு பெண்மணி, காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தங்கையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

மைதானத்துக்குள் தங்கை பின்னால் எடுத்ததும், இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியதும் நிதானத்துக்கே பெருமையாக இருந்தது. பணிமனையில் இந்த நேர்த்திக்கு ஆள் குறைவு. அடுத்தது ரோட்டு ஓட்டம். வாசல் கேட்டைத் தாண்டி, பெரிய சாலையில் சேர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.

கார் கேட்டுக்குப் போய், சிக்னல் போட்டு, நின்றது.

நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

சாலையில் வண்டிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வந்தன. இடைவெளி விழும் போலிருக்கும். அதைப் பார்த்ததும் பின்னால் வருகிறவன் வேகம் எடுத்து அடைப்பான். ஒருவர், ஒரே ஒருவர், அரை நொடி காலைத் தூக்கினால் போதும். தங்கையின் கார் மூக்கை ஒரு சாண் நீட்டும், மறுபடி நிற்கும். கொட்டகையிலிருந்து பார்த்தால், அதிகாரி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம்.

"என்ன மச்சான் இது? ஒருத்தனாவது விடறானா பாருங்க!" மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "எல் போர்டு போட்டு ஒரு பொம்பளை நிக்கிறா. மனுஷனுங்களா இவனுங்க?"

"உக்காருங்க மாப்பிள்ளை. அவ பார்த்துப்பா."

"எவ்வளவு நேரம் பார்ப்பா?"

நிதானம் கையைப் பிடிப்பதற்குள் அவர் ஓடிவிட்டார். கேட்டைத் தாண்டி, காரையும் தாண்டி, நேரே நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கிறீச்சென்று பிரேக்குகள். ஒரு வெள்ளைக் கார் அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்று ஹாரனை அமுக்கிப் பிடித்தது. அவர் அசையவில்லை. "போ! நீ போ! நான் பார்த்துக்கறேன்!" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார்.

தங்கை போகவில்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அதிகாரி காரிலிருந்து இறங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுரோட்டில் நின்றவரை மேலும் கீழும் பார்த்தார். "யார் இவர்?"

"என் வீட்டுக்காரர் மேடம்."

"வெளியாள் உதவி செஞ்சா டெஸ்ட் செல்லாது. மூணு வாரம் கழிச்சு மறுபடி வாங்க." காகிதத்தில் ஏதோ எழுதிக் கையில் கொடுத்தார். போவதற்கு முன் தங்கையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க நல்லா ஓட்டறீங்க. வரும்போது அவரை வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

கொட்டகைக்கு வந்த மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. "நான் என்ன தப்புப் பண்ணினேன்? வழி விட வெச்சது தப்பா? மச்சான், நீங்களே சொல்லுங்க."

தங்கை தள்ளிப்போய் ஒரு பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். நிதானம் அவளைப் பார்த்தார். இனிமேல் விழுங்க அவரிடம் இடம் இல்லை.

"அந்த வெள்ளைக் கார்க்காரன் உங்களைப் பார்த்து ஹாரன் அடிச்சானே, அவன் முகத்தைப் பார்த்தீங்களா மாப்பிள்ளை?"

"பார்த்தேன். மனுஷ முகமா அது? என்னை ஏத்திட்டுப் போயிருப்பான்!"

"நான் இருபத்திரண்டு வருஷமா தினமும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன். இன்னிக்குக் காலையில பக்கத்து சீட்டுல உக்காந்தும் பார்த்தேன்." அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "உங்க முகம் மாப்பிள்ளை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் உங்களுக்கு அந்த முகம் வந்துடுது. பஸ் ஸ்டாப்ல கால் உடைஞ்ச ஒருத்தியை நடுரோட்டுல இறங்க வெச்சீங்க. அவ என்னைத் திட்டிட்டுப் போனா, நீங்க தண்ணி வாங்கிட்டு வந்தீங்க. எங்கப்பாவுக்கு நீங்க செஞ்சதை நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். அதுக்காக உங்க வண்டியில இனிமே ஏறவும் மாட்டேன்."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. தங்கை பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்த சாவியை எடுத்தவர், அதை என்ன செய்வது என்று தெரியாதவர் போல ஒரு கணம் நின்றுவிட்டு, காரை நோக்கி நடந்தார். அன்று அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் நிதானத்துக்குச் சொன்னது சரி என்றும் பட்டது, சொல்லியிருக்க வேண்டாம் என்றும் பட்டது.

கிட்டத்தட்ட மூன்று வாரம் மாப்பிள்ளையிடமிருந்து போன் இல்லை. நிதானமும் செய்யவில்லை.

தங்கை மட்டும் மறுநாளிலிருந்து ஐந்து ஐம்பது பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கும்போது, கண்ணாடியில் அண்ணனுக்குத் தெரிகிற மாதிரி வலது கையை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டுவாள். அசையாது.

வீட்டுச் செய்தி துண்டு துண்டாக வந்தது. "சாயந்திரம் அவரு கூடதான் வர்றேன், மூணு நாளா மெதுவா ஓட்டறாரு" என்றாள். அடுத்த வாரம், "நான்தான் சொன்னேனே, பழையபடி ஆயிடுச்சு." அதற்கடுத்த நாள்: "நேத்து வெள்ளைக் கோட்டுல நாய் ஒண்ணு ரோட்டைக் கடந்துச்சு. அதுக்கு நின்னாரு அண்ணா."

"நாய்க்கா?"

"நாய்க்குத்தான். மனுஷங்களுக்கு இன்னும் நிக்கலை."

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் போன் வந்தது. அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் நிறைய நேரம் கேட்டது.

"மச்சான், நாளைக்கு நான் வரலை. காரைக் காலையிலேயே உங்க வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போயிடறேன். நீங்க கூட்டிட்டுப் போங்க."

"சரி மாப்பிள்ளை."

"ஹாரன் அடிக்கமாட்டேன். சாவியை மேலே வந்து கொடுத்துட்டுப் போறேன்."

அந்தத் தடவையும் கேட்டில் நாலு நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. ஒருவரும் விடவில்லை. கடைசியில் ஒரு குப்பை லாரி நின்று, விளக்கை ஒருமுறை சிமிட்டி வழி விட்டது. தங்கை சுற்றி வந்து நிறுத்தினாள். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். எல் பலகையைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டிருந்தார்கள். அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியையே நிதானம் பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னலில் சிவப்பு. நின்றாள். பச்சை விழுந்தது. விழுந்த அந்த நொடியே, பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கினான். அமுக்கியவன் விடவில்லை. விடாமலே சுற்றி வந்து, அவள் மூக்குக்கு முன்னால் வண்டியை ஒடித்து வெட்டிக்கொண்டு போனான்.

தங்கை ஒரு வார்த்தை சொன்னாள். ஒற்றை வார்த்தை. தெளிவாக, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரித்துச் சொன்னாள். பணிமனையில்கூட அதைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

நிதானம் அப்படியே திரும்பினார். "எங்கேம்மா கத்துக்கிட்டே இதை?"

"தெரியலைண்ணா, தானா வந்துடுச்சு." அவளுக்கே அதிர்ச்சி. காது வரை சிவந்துவிட்டது. "லைசென்ஸ் வாங்கி அரை மணி நேரம்கூட ஆகலையே!"

நிதானத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பின்னால் இன்னொருவன் ஹாரன் அடித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.